ஹிரோஷிமா போகிறீர்களா? விசா முதல் டிராம் வரை ஒரு வழிகாட்டி

ஜப்பான் போகிற நம்மவர்களின் பயணத் திட்டத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். டோக்கியோவில் நான்கு நாள், ஃபூஜி மலைக்கு ஒரு நாள், கியோட்டோ, ஒசாகா, நடுவில் ஹிரோஷிமாவுக்கு அரை நாள். காலை ரயிலில் போய், அணுகுண்டில் சிதைந்த கட்டடத்தின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, மாலை ரயிலில் ஒசாகா திரும்பிவிடலாம் என்பார்கள். எங்களுக்கும் ஒரு ஏஜென்ட் இப்படித்தான் திட்டம் போட்டுக் கொடுத்தார். நல்லவேளை, அதை மாற்றிக்கொண்டு போனோம். அந்த ஊருக்கு அரை நாள் போதவே போதாது. இரண்டு இரவு தங்குங்கள். விசாத் தாள்கள், ரயில் பாஸ், ஹோட்டல் எல்லாமே இந்த ஒரு முடிவைப் பொறுத்துத்தான் அமையும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு தகவலுக்கும் நாங்கள் பத்து இடத்தில் தேடி அலைய வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கட்டணங்கள் மாறக்கூடியவை, பணம் கட்டும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 100 யென்னுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கு சுலபம்.

1. நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் நாள் மதியம் ஊருக்கு வந்து சேர்ந்து, மாலையில் அந்தச் சிதைந்த கட்டடமான அணுகுண்டுக் கூடத்தையும் ஆற்றங்கரையையும் சும்மா நடந்து பாருங்கள். இரண்டாம் நாள் காலை அமைதி நினைவு அருங்காட்சியகம். அன்று மதியத்துக்கு மேல் எந்தத் திட்டமும் வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன். மூன்றாம் நாள் மியாஜிமா தீவுக்குப் போய்விட்டு, மாலை ரயிலில் கிளம்பலாம்.

அருங்காட்சியகத்தையும் மியாஜிமாவையும் ஒரே நாளில் அடைக்கப் பார்க்காதீர்கள். முடியாது என்றில்லை, பலர் செய்கிறார்கள். ஆனால் எரிந்துபோன பள்ளிச் சீருடைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களிடம், "சீக்கிரம், படகுக்கு நேரமாச்சு" என்று சொல்வது கொடுமை.

2. எந்த மாதம் போவது

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை செர்ரி பூக்கும் காலம். ஊர் அழகாக இருக்கும், ஹோட்டல் விலை ஏறிவிடும். ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் ஜப்பானியர்களுக்குத் தொடர் விடுமுறை, அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஜூனிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மழை. ஆகஸ்ட் வெயில் சென்னை வெயிலுக்குக் குறைந்ததல்ல. அக்டோபர் கடைசியும் நவம்பரும்தான் எங்கள் தேர்வு. குளிர் தாங்குவீர்கள் என்றால் ஜனவரி, பிப்ரவரியில் கூட்டமும் குறைவு, விலையும் குறைவு.

ஆகஸ்ட் 6 அன்று அங்கே இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். நினைவு நிகழ்ச்சி காலை 8 மணிக்குத் தொடங்கும், குண்டு வெடித்த நேரமான 8:15க்கு மௌன அஞ்சலி. அண்மை ஆண்டுகளில் அன்று அதிகாலை 5 மணியிலிருந்து 9 மணி வரை அருங்காட்சியகம் இருக்கும் அமைதி நினைவுப் பூங்கா முழுவதிலும் நுழைவுக் கட்டுப்பாடு இருக்கிறது, பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அதனால் பெரிய பை கொண்டுபோகாதீர்கள். தண்ணீர், தொப்பி அவசியம். மாலையில் மோட்டோயாசு ஆற்றில் காகித விளக்குகள் மிதக்கவிடுவார்கள். அந்த வாரத்துக்கு ஹோட்டல் அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் ஃபுகுயாமாவிலோ ஒகாயாமாவிலோ தங்கிக்கொண்டு வரலாம். ஆனால் காலை 8 மணி நிகழ்ச்சிக்கு அங்கிருந்து முதல் ரயிலிலேயே கிளம்ப வேண்டும்.

3. விசா: நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை

சிங்கப்பூர் பாஸ்போர்ட்டோ மலேசிய மின்-பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவர்களுக்குக் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை, இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

தமிழ்நாட்டில் வசிப்பவர்கள் சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறார்கள். விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வது விஎஃப்எஸ் மையம். அங்கே கொடுக்க வேண்டியவை:

பாஸ்போர்ட், நிரப்பிய விண்ணப்பப் படிவம், அண்மையில் எடுத்த 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், விமானப் பயண விவரம், நாள்வாரியான தங்கும் திட்டம், ஹோட்டல் முன்பதிவுகள், கடந்த 6 மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, அலுவலகத்திலிருந்து வேலை மற்றும் விடுப்புக் கடிதம், எதற்காகப் போகிறோம் என்று விளக்கும் முகப்புக் கடிதம். சொந்தத் தொழில் செய்பவர்கள் வேலைக் கடிதத்துக்குப் பதிலாகத் தொழில் பதிவுச் சான்று வையுங்கள்.

பலர் அசட்டையாக நிரப்புவது அந்த நாள்வாரித் திட்டத்தைத்தான். அதிகாரி உங்களை நேரில் பார்ப்பதே அபூர்வம். உங்களைப் பற்றி அவருக்குத் தெரிவதெல்லாம் அந்தத் தாள்தான். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி எழுதுங்கள். எந்த ஊர், என்ன பார்க்கிறீர்கள், இரவு எங்கே தூங்குகிறீர்கள், அந்த ஹோட்டலின் முகவரி, தொலைபேசி எண். திட்டத்தில் இரண்டு இரவு ஹிரோஷிமா என்று எழுதிவிட்டு, அதே தேதிகளுக்கு ஒசாகா ஹோட்டல் ரசீதை இணைத்தால் கேள்வி வரும். ரத்து செய்தால் பணம் முழுசாகத் திரும்பக் கிடைக்கும் அறைகளை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்ப தாளை நிரப்புங்கள்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆதாரில் இனிஷியலோடு இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும். சிலருக்குக் குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருக்கும். விண்ணப்பம், விமான டிக்கெட், ஹோட்டல் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் போடுங்கள். குடும்பப் பெயர் காலியாக உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வழக்கம்.

பேங்க் ஸ்டேட்மென்டில் வங்கியின் முத்திரையும் கையெழுத்தும் இருக்கட்டும். விண்ணப்பிக்கிற வாரத்தில் திடீரென்று இரண்டு லட்சம் கணக்கில் வந்து விழுந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமாகும். ஓய்வுபெற்ற அப்பா அம்மாவை அழைத்துப்போகிறீர்கள் என்றால் செலவை நீங்கள் ஏற்கிறீர்கள் என்று ஒரு கடிதம், உங்கள் வருமான வரிக் கணக்கு, உறவை நிரூபிக்கும் சான்று ஆகியவற்றைச் சேருங்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் இருக்கும் பக்கத்தின் நகலையும் கூடவே வையுங்கள்.

கட்டணம் பெரிதல்ல, இதுவரை சில நூறு ரூபாய்க் கணக்கில்தான் இருந்துவந்தது. விஎஃப்எஸ் சேவைக் கட்டணம் அதற்கு மேல். விண்ணப்பிக்கிற நாளில் என்ன தொகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காலக்கணக்கு: ஒருமுறை நுழைவு விசா வழங்கிய நாளிலிருந்து 3 மாதம் செல்லும். அதற்குள் ஜப்பானில் நுழைந்துவிட வேண்டும். அதனால் ஐந்து மாதம் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பயனில்லை. தாள்கள் சரியாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் முடிவு வந்துவிடும். ஏதாவது கூடுதல் தாள் கேட்டால் நீளும். கிளம்புவதற்கு ஐந்தாறு வாரம் முன்னால் கொடுப்பது நல்லது. விசா வரும்வரை பணம் திரும்பாத விமான டிக்கெட்டை வாங்காதீர்கள். நிராகரித்தால் காரணம் சொல்ல மாட்டார்கள், அதே நோக்கத்துக்காக 6 மாதம் மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது.

4. விசா கைக்கு வந்தபின் காத்திருக்கும் பொறி

2024 ஏப்ரல் முதல் இந்தியர்களின் ஒருமுறைச் சுற்றுலா விசா மின்-விசாவாகத்தான் வருகிறது. பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் இருக்காது. விமான நிலையத்தில் அந்த விசா அறிவிப்பை இணையத்தில் நேரடியாகத் திறந்து, போன் திரையில் காட்ட வேண்டும். பிடிஎஃப், ஸ்கிரீன்ஷாட், அச்சிட்ட தாள் எதையும் ஏற்பதில்லை. கையில் நாலு பிரதி அச்செடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பயனில்லை.

ஆகவே ஜப்பானில் இறங்கியவுடன் வேலை செய்யும் இ-சிம் ஒன்றைச் சென்னையிலேயே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். விமான நிலைய வைஃபை இருக்கும்தான், ஆனால் இரவுப் பயணம் முடிந்து வரிசையில் நிற்கும்போது அதை நம்பியிருக்க வேண்டாம். சென்னை செக்-இன் கவுன்டரிலும் இதைக் கேட்பார்கள். குடும்பமாகப் போனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறிவிப்பு. ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கான பக்கத்தை உங்கள் போனில் திறந்து காட்டப் பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம், விசிட் ஜப்பான் வெப் என்ற அரசுத் தளத்தில் குடிநுழைவு, சுங்க விவரங்களைக் கிளம்பும் முன்பே பதிந்துவிட்டால் ஒரு க்யூஆர் குறி கிடைக்கும். தாள் படிவம் நிரப்ப வேண்டாம். இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அந்தத் தளம் அல்ல.

5. எங்கே இறங்குவது

சென்னையிலிருந்து ஜப்பானுக்கு நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங் வழியாகப் போகலாம். ஹிரோஷிமாவுக்கே விமான நிலையம் உண்டு, ஆனால் வெளிநாட்டு விமானங்கள் குறைவு. அது ஊரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளியும் இருக்கிறது. பேருந்தில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

நமக்கு வசதியானது ஒசாகா அருகிலுள்ள கான்சாய் விமான நிலையம். டோக்கியோவும் பார்க்க வேண்டும் என்றால் டோக்கியோவில் இறங்கி, மேற்கே வந்து, கான்சாயிலிருந்து ஊர் திரும்புவது போல டிக்கெட் எடுங்கள். டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா புல்லட் ரயிலில் 4 மணி நேரம், ஒருவழிக்கே 19,000 யென்னுக்கு மேல். அதே தூரத்தை மறுபடி திரும்பி வருவது காசையும் கரைக்கும், ஒரு நாளையும் தின்றுவிடும்.

6. ரயில்: பாஸ் வாங்கலாமா, தனி டிக்கெட்டா

நாடு முழுவதும் செல்லும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் அதன் விலை ஒரேயடியாக ஏறி, 7 நாள் பாஸ் 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோ, ஹிரோஷிமா போய்வரச் செலவே ஏறக்குறைய 40,000தான். பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு இன்னும் பலர் இதில் பணத்தை விடுகிறார்கள்.

ஒசாகா பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஜேஆர் வெஸ்ட் நிறுவனத்தின் கான்சாய்-ஹிரோஷிமா ஏரியா பாஸ்தான் சரியானது. தொடர்ந்து 5 நாட்களுக்கு 17,000 யென். ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா ஒருவழி டிக்கெட்டே 10,000 முதல் 11,000 யென். போய்வந்தாலே பாஸ் விலைக்கு மேல் ஆகிவிடும். இதில் கான்சாய் விமான நிலையத்திலிருந்து வரும் ஹருகா ரயில், மியாஜிமா போகும் ஜேஆர் படகு எல்லாம் அடங்கும். வேகமான நோசோமி ரயிலிலும் ஏறலாம்.

இந்தப் பாஸிலும் ஒரு பொறி உண்டு. புல்லட் ரயிலில் இது ஷின்-ஒசாகாவுக்கு மேற்கே மட்டும்தான் செல்லும். கியோட்டோவில் தங்கியிருந்தால் அங்கிருந்து ஷின்-ஒசாகா வரை சாதாரண ஜேஆர் ரயிலில் வந்து, அங்கே மாறிக்கொள்ள வேண்டும். கியோட்டோவிலேயே புல்லட் ரயில் ஏறிவிட்டால் அந்தத் துண்டுக்குத் தனிக் காசு.

ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா ஒன்றரை மணி நேரம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்று வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். தாண்டினால், பின்னால் பெட்டி வைக்க இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. பதியாமல் ஏறினால் 1,000 யென் கேட்பார்கள். நம் வீட்டுப் பெரிய சூட்கேஸ்கள் பல இந்த அளவைத் தாண்டிவிடலாம். இரண்டு இரவுக்கான துணியை முதுகுப்பையில் எடுத்துக்கொண்டு, பெரிய பெட்டியை ஒசாகா ஹோட்டலிலேயே விட்டுவிட்டு வருவது நிம்மதி. கேட்டால் பெரும்பாலான ஹோட்டல்களில் வைத்துக்கொள்வார்கள்.

7. பெட்டியில் வைக்கக் கூடாதவை

கறிவேப்பிலை, மாம்பழம், பச்சைமிளகாய், இறைச்சி கலந்த எதுவும் வேண்டாம். கருவாட்டுப் பொட்டலமும் நமக்கு அங்கே தேவையில்லை. கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், சைவ ஊறுகாய் போதும்.

மருந்து விஷயத்தில் கவனம் கூடுதலாக வேண்டும். சளிக்கு நாம் சாதாரணமாகப் போடும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் ஜப்பானில் தடை. கோடீன் கலந்த இருமல் மருந்தையும் தவிர்த்துவிடுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை ஒரு மாதத்துக்கு மேற்படாமல், மருத்துவரின் சீட்டோடு, அட்டையிலிருந்து பிரிக்காமல் கொண்டுபோங்கள்.

8. தங்குமிடம்

ரயில் நிலையத்தின் அருகே தங்கினால் மியாஜிமாவுக்கும் ஒசாகாவுக்கும் வசதி. ஹச்சோபோரி, காமியாச்சோ பகுதிகளில் தங்கினால் பூங்காவுக்கு நடந்தே போகலாம், கடைத்தெருவும் பக்கம். இரண்டு இரவு தங்குவதென்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அதிகாலையில் கூட்டமில்லாத பூங்காவைப் பார்க்க முடியும். பூங்காவுக்கு வாசற்கதவு கிடையாது, எந்த நேரமும் நடக்கலாம்.

இருவர் தங்கும் சிறிய ஹோட்டல் அறை 9,000 முதல் 14,000 யென். அறை நிஜமாகவே சிறியதாக இருக்கும். "டபுள்" என்றால் ஒரே கட்டில், சில இடங்களில் 140 சென்டிமீட்டர் அகலம்தான். அப்பா அம்மாவுக்கு "ட்வின்" என்று பார்த்துப் பதியுங்கள்.

9. ஊருக்குள்: டிராம்

ஹிரோஷிமாவில் டிராம்தான் எல்லாம். ஹிரோடென் என்ற நிறுவனம் ஓட்டுகிறது. ரயில் நிலையத்திலிருந்து 2 அல்லது 6ஆம் எண் டிராமில் ஏறி, கெம்பாக்கு டோம்-மே என்ற நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே அணுகுண்டுக் கூடம். 2025 ஆகஸ்டிலிருந்து டிராம்கள் நிலையக் கட்டடத்தின் இரண்டாம் தளத்துக்கே வருகின்றன. பழைய வழிகாட்டிகளில் சொல்வது போலத் தெருவில் இறங்கித் தேடாதீர்கள்.

நகருக்குள் எங்கே போனாலும் 240 யென். பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஐகோகா அல்லது சூய்கா பயண அட்டை இருந்தால் ஏறும்போது ஒருமுறை தொட்டு, இறங்கும்போது ஓட்டுநர் அல்லது நடத்துநர் அருகில் மறுபடி தொடுங்கள். காசாகக் கொடுப்பதென்றால் இறங்கும்போது பெட்டியில் சரியான சில்லறை போட வேண்டும். அந்தப் பெட்டியிலேயே 1,000 யென் நோட்டை மாற்றித் தரும் இயந்திரம் இருக்கும். முதலில் மாற்றி, பிறகு எண்ணிப் போடுங்கள். நோட்டைப் போட்டால் மீதி தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மாற்றுகிற வேலையை வண்டி நிறுத்தத்தில் நிற்கும்போதே முடித்துக்கொண்டால் பின்னால் வரிசை சேராது.

651, 652 என்று எண் போட்ட பழைய வண்டியைப் பார்த்தால் கொஞ்சம் நின்று கவனியுங்கள். 1945இல் குண்டில் அடிபட்டு, பழுதுபார்த்து, இன்னும் ஓடும் வண்டிகள் அவை. குண்டு விழுந்த மூன்றாம் நாளே, ஆகஸ்ட் 9 அன்று, இந்த ஊரில் ஒரு பகுதியில் டிராம் மறுபடி ஓடத் தொடங்கியது.

10. அருங்காட்சியகமும் பூங்காவும்

பெரியவர்களுக்கு நுழைவு 200 யென்தான். 65 வயது நிரம்பியவர்களுக்கு 100, பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். நடுநிலைப் பள்ளி வரை பிள்ளைகளுக்கு இலவசம். காலை 7:30க்குத் திறக்கிறார்கள். மாலை மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் வேறு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 6 மணி, மற்ற மாதங்களில் 7, ஆகஸ்டில் 8. டிசம்பர் 30, 31 விடுமுறை. பிப்ரவரியிலும் சில நாள் மூடுவார்கள்.

காலை முதல் ஒரு மணி நேரத்துக்கும், மாலை மூடுவதற்கு முந்தைய கடைசிப் பகுதிக்கும் இணையத்தில் முன்பதிவு செய்தவர்களை மட்டும்தான் விடுகிறார்கள். இதைக் கட்டாயம் செய்யுங்கள், 7:30 நேரத்தை எடுங்கள். பத்து மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுலாக் குழுக்களும் சேர்ந்து ஒவ்வொரு கண்ணாடிப் பேழையின் முன்னும் மூன்று வரிசை நிற்கும். ஒலி வழிகாட்டிக் கருவியை 400 யென்னுக்கு ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பலகைகளிலேயே ஆங்கிலம் நன்றாக இருக்கிறது.

உள்ளே பெரிய பெரிய வரைபடங்களைவிடச் சின்னச் சின்னப் பொருட்கள்தான் மனதைப் பிசையும். கருகிய சோற்றோடு ஒரு டிபன் பெட்டி. துருப்பிடித்த மூன்று சக்கர சைக்கிள். ஓடாமல் நின்றுபோன கைக்கடிகாரங்கள். ஒரு வங்கியின் வாசற்படி, அதில் உட்கார்ந்திருந்த ஆளின் நிழல் மட்டும் கறுப்பாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது யாருடையது, எத்தனை வயது, அன்று காலை எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கும். இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். பிரதானக் கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் பூங்காவைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல்களோடு நீண்ட நடைக்கூடம் வரும். அங்கே எல்லோரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்களும் உட்காருங்கள், அவசரம் வேண்டாம்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசித்து முடிவெடுங்கள். தீக்காயப் படங்கள் மறைவில்லாமல் வைக்கப்பட்டிருக்கின்றன. பத்து வயதுக்குக் கீழே என்றால் பெரியவர்கள் மாறிமாறி உள்ளே போய், பிள்ளைகளைப் பூங்காவில் வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. பிள்ளைகளுக்கு ஏற்றது வெளியே உள்ள குழந்தைகள் அமைதி நினைவுச்சின்னம். அணுக்கதிரின் விளைவால் ரத்தப் புற்றுநோய் வந்து பன்னிரண்டு வயதில் இறந்த சடாகோ சசாகியின் நினைவாக 1958இல் எழுப்பியது. அவள் மடித்தது போன்ற காகிதக் கொக்குகளை உலகம் முழுவதிலிருந்தும் கொண்டுவந்து வைக்கிறார்கள். நீங்களும் வீட்டிலேயே பிள்ளைகளோடு மடித்து எடுத்துப்போகலாம், அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.

பக்கத்தில் உள்ள தேசிய அமைதி நினைவு மண்டபம் இலவசம், கூட்டமும் குறைவு. அங்கே உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களைப் படிக்கலாம், கேட்கலாம். அருங்காட்சியகத்தில், உயிர் தப்பியவர்களின் கதையை அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டவர்கள் ஆங்கிலத்திலும் பேசுகிறார்கள். நேர அட்டவணையைத் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். தப்பியவர்கள் வயதாகி மறைந்துகொண்டிருக்கிறார்கள், அதனால் ஒரு மணி நேரம் ஒதுக்கி இதைக் கேட்பது மற்ற எதையும்விட மேல்.

பெரும்பாலோர் தவறவிடும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே உள்ள புள்ளி. பலரும் அணுகுண்டுக் கூடம்தான் அது என்று நினைக்கிறார்கள். இல்லை, அங்கிருந்து தென்கிழக்கே 160 மீட்டர் தள்ளி, ஒரு மருத்துவமனையை ஒட்டிய சாதாரணத் தெருவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகை மட்டும் இருக்கிறது. சுமார் 600 மீட்டர் உயரத்தில், இந்த இடத்துக்கு மேலே குண்டு வெடித்தது. பக்கத்தில் வண்டிகள் நிற்கும், ஆட்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். இரண்டாவது, அருங்காட்சியகத்தின் அருகில் உள்ள அஓகிரி மரங்கள். குண்டிலிருந்து 1.3 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பக்கம் வெந்துபோய், அடுத்த வசந்தத்தில் துளிர்விட்டவை. 1973இல் இங்கே கொண்டுவந்து நட்டார்கள். தண்டின் குழிந்த பக்கத்தை இன்னும் காணலாம், பட்டை அதைச் சுற்றி மூடி வளர்ந்திருக்கிறது. ஊர் முழுக்க இப்படித் தப்பிய மரங்களுக்குத் தனிப் பெயர்ப்பலகை உண்டு.

மோட்டோயாசு ஆற்றங்கரையில், பூங்காவை ஒட்டி, 2023இல் திறந்த காந்தி சிலையும் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். பூங்காவின் வடபக்கம் புல் மூடிய மேடு ஒன்று இருக்கும். அடையாளம் தெரியாத ஏறக்குறைய 70,000 பேரின் சாம்பல் அதற்குள் இருக்கிறது. அதன்மேல் ஏறி உட்காரவோ, பிள்ளைகளை ஓடவிடவோ வேண்டாம். வளைவு வடிவ நினைவுச்சின்னத்தின் முன்னால் வரிசையில் வந்து கும்பிட்டுப் போகிறவர்களில் அதற்குள் வைத்திருக்கும் இறந்தோர் பட்டியலில் பெயருள்ளவர்களின் குடும்பத்தாரும் இருப்பார்கள். அவர்களை மறித்துக்கொண்டு குழுப்படம் எடுக்காதீர்கள்.

11. சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையில்லை. ஹிரோஷிமா ஒகோனோமியாகியைக் கல்லின் முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிடலாம். மெல்லிய மாவு, அதன்மேல் குவியலாக முட்டைக்கோஸ், பன்றி இறைச்சி, நூடுல்ஸ், முட்டை என்று அடுக்கிப் புரட்டிப் போடுவார்கள். குளிர்காலத்தில் சிப்பியும் பிரபலம்.

சைவர்களுக்குச் சிரமம்தான். இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும் மீன் சாறு எல்லாவற்றிலும் இருக்கும், சாஸிலும் கலந்திருக்கும், கல்லும் ஒன்றேதான். கண்டிப்பான சைவர்கள் ஒகோனோமியாகியை விட்டுவிடுங்கள். ஊரில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. ஹோட்டலைப் பதியும்போதே அவற்றில் எது நடக்கும் தூரத்தில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். "நிகு தோ சகானா வா தபெமாசென்" என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை என்று பொருள். இதையும் "தாஷி" என்ற மீன் சாறு வேண்டாம் என்பதையும் போனில் ஜப்பானிய எழுத்தில் வைத்துக் காட்டினால் சமையல்காரர் உண்மையைச் சொல்லிவிடுவார், முடியாது என்றால் முடியாது என்பார். அருங்காட்சியகம் போகும் நாளில் சோறு, தயிர் என்று அறையிலேயே பார்த்துக்கொண்டோம். கடைகளில் வெறும் சோறு சூடாக்கித் தரும் பொட்டலமாகவே கிடைக்கிறது.

செவன்-இலெவன் கடையில் உள்ள ஏடிஎம்மில் நம் கார்டு வேலை செய்யும். சின்னக் கடைகளுக்கும் கோயில்களுக்கும் ரொக்கம் வேண்டும், 10,000 யென்னாவது கையில் இருக்கட்டும்.

12. மியாஜிமா

ஹிரோஷிமா நிலையத்திலிருந்து ஜேஆர் ரயிலில் மியாஜிமாகுச்சி அரைமணி நேரம், அங்கிருந்து படகு 10 நிமிடம். மேலே சொன்ன பாஸ் இரண்டுக்கும் செல்லும். தீவு வரி 100 யென் மட்டும் தனியாகக் கட்ட வேண்டும். டிராமிலும் போகலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கடலில் நிற்கும் செந்நிறத் தோரண வாயிலைப் பார்க்க ஓத நேரம் முக்கியம். நீர் ஏறியிருந்தால் மிதப்பது போலத் தெரியும், நன்றாக வற்றினால் அடிவரை நடந்து போகலாம். அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் தீவில் இருப்பது போலக் கிளம்புங்கள். இட்சுகுஷிமா கோயிலுக்குள் போக 300 யென். மான்கள் தாளைத் தின்னும், ரயில் பாஸைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள்.

13. செலவுக் கணக்கு

ஒசாகாவிலிருந்து இரண்டு இரவு, இருவராகப் போனால் ஆளுக்கு: பாஸ் 17,000, அறையில் பாதி 12,000, மூன்று நாள் சாப்பாடு 9,000, ஆறு டிராம் பயணம் 1,440, அருங்காட்சியகம் 200, மியாஜிமாவில் 400. மொத்தம் 40,040 யென், நம் காசில் 24,000 ரூபாய்ச் சொச்சம். பாஸ் 5 நாள் செல்லும் என்பதால், அதே பாஸில் ஹிமெஜி கோட்டையையும் திரும்பும் வழியில் இறங்கிப் பார்த்துவிடலாம். சென்னையிலிருந்து விமானச் செலவும் விசாவும் தனி.

கான்சாயிலிருந்து இரவு விமானம் என்றால் ஹிரோஷிமாவிலிருந்து நேரே விமான நிலையம் போய்விடலாமா என்று கேட்பார்கள். போகலாம். ஷின்-ஒசாகாவில் ஹருகாவுக்கு மாறும் நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டு, விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று கணக்கிடுங்கள். ஒசாகா ஹோட்டலில் பெட்டியை விட்டிருந்தால் அதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் சேருங்கள். அப்படியானால் இரவு 11 மணி விமானத்துக்கு, பிற்பகல் 3:30 மணிக்குள் ஹிரோஷிமாவில் ரயில் ஏறிவிட வேண்டும்.